இணையத்தில் இலவசமாக ஒரு பாடத்தை முழுதாகப் படித்து முடிப்பது எப்படி?

இலவசமாகப் படிக்க எந்தத் தளம் நல்லது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஐம்பது சுட்டிகளை அனுப்பி வைப்பார்கள். அவற்றைச் சேமித்து வைப்போம். பிறகு திறந்தே பார்ப்பதில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட், எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் நடத்திய இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்திருந்தார்கள்.

பாடம் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான், பேராசிரியரும் ஒருவர்தான். பணம் கட்டியவருக்குக் கூடுதலாக இருந்தவை ஒரு நோக்கம், ஒரு கெடு, விட்டுவிட்டால் நஷ்டம் என்ற உறுத்தல். கல்லூரி என்ற அமைப்பு நமக்குத் தருவதில் பெரும்பகுதி இந்தக் கட்டாயம்தான். இலவசப் படிப்பில் ஆசிரியர் கிடைத்துவிடுகிறார், கட்டாயத்தை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வழிகாட்டியில் தளங்களைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் முக்கியமாகச் சொல்லப்போவது இதைத்தான்.

படி 1: எதற்காகப் படிக்கிறீர்கள்?

தளத்தைத் தேடும் முன் இதற்குப் பதில் வேண்டும். பதில்கள் மூன்று வகைதான்.

கல்லூரியில் கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பலகு) வாங்க, வேலை விண்ணப்பத்தில் காட்ட, பணி உயர்வுக்கு என்றால் தேர்வும் சான்றிதழும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். இந்தியாவில் அது ஸ்வயம், என்.பி.டெல் என்ற தளங்கள், அடுத்த படியில் அவற்றைச் சொல்கிறேன். ஒரு வேலையைச் செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும், உதாரணமாக நிரல் எழுத, புள்ளிவிவரத்தை அலச வேண்டும் என்றால் பயிற்சிக் கணக்குகள் நிறைய உள்ள பாடமாகப் பார்க்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது வகை, வெறும் ஆசை. ரோமாபுரிக் கட்டடங்களைப் பற்றித் தெரிய வேண்டும், நீதி என்றால் என்ன என்று யோசிக்க வேண்டும், விட்டுப்போன கணக்கைத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஐம்பது வயதில் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம். இணையத்தில் இவர்களுக்குக் கிடைப்பதுபோல வேறு யாருக்கும் கிடைப்பதில்லை.

நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். 'பொருளாதாரம் படிக்கணும்' என்று எழுதினால் போதாது. 'ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் என் வீட்டுக்கடன் தவணை ஏன் ஏறுகிறது என்று புரிய வேண்டும்' என்று எழுதினால் எந்தப் பாடம் வேண்டும், அதில் எந்த அத்தியாயம் வரை போனால் போதும் என்று உடனே தெரிந்துவிடும்.

படி 2: எந்தத் தளத்தில் எது இலவசம்?

'ஃப்ரீ' என்ற சொல்லை எல்லாத் தளங்களும் போடுகின்றன. அதன் எல்லை தளத்துக்குத் தளம் வேறு. அதனால் பெயரைவிட வகையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

முதல் வகை, கதவே இல்லாதவை. பதிவு செய்ய வேண்டாம், மின்னஞ்சல் கொடுக்க வேண்டாம். தன் வகுப்புப் பாடங்களை உலகத்துக்கே திறந்துவிடப்போவதாக எம்.ஐ.டி. 2001 ஏப்ரலில் அறிவித்தது. மறு ஆண்டு 50 பாடங்களோடு வெள்ளோட்டம் பார்த்தார்கள். இன்று எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் இருக்கின்றன. அந்த வளாகத்து மாணவருக்குக் கொடுத்த பாடத்திட்டம், வீட்டுப்பாடம், தேர்வுத்தாள், பல பாடங்களில் விடைகள், சிலவற்றில் வகுப்பு வீடியோக்கள் எல்லாம் அப்படியே கிடைக்கும். சான்றிதழ் கிடையாது, கேள்வி கேட்க ஆசிரியரும் கிடையாது. யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய 'ஓப்பன் யேல் கோர்சஸ்' இதைவிடச் சிறியது, மொத்தம் நாற்பது பாடம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் வகுப்பு முழுவதும் வீடியோவாக இருக்கிறது, பேசியது அத்தனையும் எழுத்தாகவும் இருக்கிறது. கலை, வரலாறு, அரசியல் பக்கம் நாட்டமுள்ளவர் முதலில் போக வேண்டிய இடம் என்று நான் சொல்வது யேலைத்தான்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் ஓப்பன்லேர்னையும் இந்த வகையில் சேர்க்கலாம். வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களும் பட்டம் படிக்க வேண்டும் என்று 1969இல் சாசனம் பெற்று, 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. ஆரம்பத்தில் பாடப் புத்தகம் தபாலில் வரும், விரிவுரை பி.பி.சி.யில் வரும். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்காகவே எழுதிப் பழகிய கை என்பது பாடத்தைத் திறந்ததும் தெரியும். வகுப்பறையைப் படம் பிடித்துப் போட்டது போல இருக்காது. இரண்டு பக்கம் படித்ததும் ஒரு கேள்வி வரும், நீங்கள் எழுதிய பிறகு ஆசிரியரின் குறிப்பு திறக்கும். 2006 அக்டோபரிலிருந்து இந்தப் பாடங்களை ஓப்பன்லேர்ன் இலவசமாகத் தருகிறது. கலை, மொழி, அறிவியல், கணக்கு, சமூகம், சட்டம், உடல்நலம் என்று எல்லாத் துறையும் உண்டு. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் எத்தனை மணி நேரம், எந்த நிலை என்று போட்டிருப்பார்கள். பதிவு செய்யாமலே படிக்கலாம். பதிவு செய்து முடித்தால் பங்கேற்புச் சான்று ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள், அதற்குக் கல்லூரி மதிப்பு கிடையாது.

நம் நாட்டிலும் இந்த வகை உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பாடப் புத்தகங்கள் 'இஜ்ஞான்கோஷ்' தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடக்கின்றன. வரலாறு, சமூகவியல், அரசியல் அறிவியல் மூன்றிலும் முதுகலை அளவுக்கு, சுருக்கமான ஆங்கிலத்தில், இந்திய எடுத்துக்காட்டுகளோடு இருக்கும். ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கும் முன் அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழிலேயே படிக்க 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்கும் தளம் இருக்கிறது. இலக்கியம், இலக்கணம், பண்பாடு பற்றிய பாடங்களைப் பட்டத்துக்குச் சேராமலே படிக்கலாம். அதன் நூலகத்தில் சங்க இலக்கியம் உரையோடு இருக்கிறது, அகராதிகள் இருக்கின்றன, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியமும் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களின் மூலத்தைத் தட்டச்சிட்டுத் தருகிறது. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இரண்டாவது வகையில் படிப்பு இலவசம், தேர்வுக்குக் கட்டணம். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது என்.பி.டெல். 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உண்டு. 2017 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம், பள்ளிப் பாடம் முதல் முதுகலை வரை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. என்.பி.டெல்லும் இப்போது அதன் வழியாகத்தான் நடக்கிறது. பொறியியல் மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தத்துவம், மொழியியல், உளவியல், சமூகவியல் எல்லாம் ஒவ்வொரு பருவத்திலும் வருகின்றன.

மூன்றாவது வகையில் வாசல் இலவசம், உள்ளே போகப் போகக் கட்டணம். கோர்செரா, எட்எக்ஸ், ஃபியூச்சர்லேர்ன் மூன்றும் இப்படித்தான். 2012இல் கோர்செரா தொடங்கியபோதும், அதே ஆண்டு ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸைத் தொடங்கியபோதும் உலகமே இனி இலவசமாகப் படிக்கும் என்றார்கள். 2021இல் எட்எக்ஸ் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபியூச்சர்லேர்னும் 2022இல் கைமாறியது. பாடங்கள் இன்றும் தரமானவைதான். ஆனால் சில பாடங்களில் முதல் பகுதிக்கு மேல் பணம் கட்டாமல் திறக்காது, சிலவற்றில் வீடியோ திறந்திருக்கும், பயிற்சிக்குப் பூட்டு. சேரும் பொத்தானை அழுத்தும் முன் கட்டணமின்றி எதுவரை என்று படித்துவிடுங்கள். கார்டு எண் கேட்டால் அது ஏழு நாள் சோதனைச் சந்தாவாக இருக்கலாம், ரத்து செய்ய மறந்தால் எட்டாம் நாள் பணம் போய்விடும்.

இந்த மூன்று வகைக்கும் அடங்காத ஒன்று ஹார்வர்டின் சி.எஸ்.50. கணினி அறிவியலுக்கு முதல் பாடம். எட்எக்ஸ் வழியாகச் சேர்ந்தால் அங்கே கட்டணச் சான்றிதழ் உண்டு. ஹார்வர்டின் சொந்தத் தளத்தில் அதே பாடத்தின் எல்லாப் பயிற்சிகளையும் கடைசிச் செயல்திட்டத்தையும் முடித்தால் இலவசச் சான்றிதழே கிடைக்கும். நீங்கள் எழுதிய நிரலைக் கணினியே சரிபார்த்து எங்கே பிசகு என்று சொல்லிவிடும் என்பதால் தனியாகப் படிப்பவருக்கு இதைவிட வசதியான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 3: தமிழ்வழியில் படித்தவர் இதைச் செய்துவிட்டுப் போகலாம்

நல்ல பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவருக்குத் தடங்கல் விஷயத்தில் இருப்பதில்லை, சொல்லில்தான் இருக்கிறது. பேராசிரியர் 'எலிமினேஷன்' என்று ஆரம்பித்ததும் இது புதிதாக ஏதோ என்று தோன்றும். பன்னிரண்டாம் வகுப்பில் காஸியன் நீக்கல் முறை என்று படித்தது அதுவேதான்.

தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே அத்தியாய வரிசையில் ஓடுபவை. அணிகள் அத்தியாயத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கமாகத் திறந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முப்பது நாற்பது சொற்களுக்கு இணைச்சொல் பட்டியல் தயார். பொருளியலுக்கும் அப்படியே. பதினொன்றாம் வகுப்பு நூல் நுண்ணினப் பொருளியல், பன்னிரண்டாம் வகுப்பு நூல் பேரினப் பொருளியல். இந்த இரண்டையும் புரட்டிவிட்டுப் போனவருக்கு எந்த ஆங்கிலப் பொருளாதார வகுப்பின் முதல் மாதமும் பயமாக இருக்காது. இந்தப் புத்தகங்களைப் பரீட்சைக்கானவை என்று ஒதுக்குகிறவர்கள் அதிகம், 2018க்குப் பிறகு வந்த பதிப்புகளைத் திறந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

இன்னும் இரண்டு உதவிகள் உண்டு. என்.பி.டெல்லின் பல பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்து வடிவம் கிடைக்கும், சிலவற்றுக்குத் தமிழிலும். யூடியூபில் ஆங்கில சப்டைட்டில் வரிகளை ஓடவிட்டு, வேகத்தை 0.75க்குக் குறைத்தால் அமெரிக்க உச்சரிப்பு பழகும்வரை சமாளிக்கலாம். தானாகத் தமிழில் மொழிபெயர்த்துக் காட்டும் வசதியை மட்டும் அறிவியல் பாடத்துக்கு நம்ப வேண்டாம். கலைச்சொல் வரும் இடத்தில்தான் அது தடுமாறும், நமக்கு உதவி வேண்டியதும் அங்கேதான்.

படி 4: ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்

ஒரே பொருளில் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வேண்டாம். ஒவ்வொன்றிலும் பாடத்திட்டத்தைப் படித்து, முதல் வகுப்பைப் பார்த்து, முதல் பயிற்சியைப் போட்டுப் பாருங்கள். பயிற்சியில் பாதி வந்தால் அது உங்கள் பாடம். முழுவதும் சுலபமாக வந்தால் அடுத்த நிலைக்குப் போங்கள். ஒன்றுமே வராவிட்டால் முன்தேவை என்று எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். பேராசிரியரின் புகழைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குரல் பிடிக்காத ஒருவரோடு 30 மணி நேரம் உட்கார முடியாது, அவர் நோபல் பரிசே வாங்கியிருந்தாலும்.

தேர்ந்தெடுத்ததும் மற்றதன் சுட்டியை அழித்துவிடுங்கள்.

படி 5: கெடுவை நீங்களே வையுங்கள்

ஓப்பன்லேர்னில் மின்பட்டை (டிஜிட்டல் பேட்ஜ்) தரும் பாடங்கள் வழக்கமாக 24 மணி நேரம், வாரத்துக்கு 3 மணி வீதம் 8 வாரம் என்று வகுத்தவை. இந்த அளவு வேலைக்குப் போகிறவருக்குத் தாங்கும். எம்.ஐ.டி. பாடம் என்றால் ஒரு மணி வீடியோவுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் நோட்டோடு உட்கார வேண்டும், அவர்களின் ஒரு பருவப் பாடத்தை நாம் ஆறு ஏழு மாதத்துக்கு நீட்டிக்கொள்வதில் தவறில்லை.

கிழமையும் நேரமும் சேர்த்துக் குறியுங்கள். 'தினமும் ஒரு மணி நேரம்' என்ற திட்டம் உறவினர் கல்யாணம் வந்த வாரமே உடைந்துவிடும். 'செவ்வாய், வியாழன் இரவு 9 முதல் 10, ஞாயிறு காலை 6 முதல் 7' என்றால் ஒன்று தவறினாலும் அடுத்தது இருக்கிறது. இரண்டு வாரம் விட்டுப்போனால் பழசை முழுக்கப் பிடித்துவிட்டுத்தான் தொடர்வேன் என்று நிற்காமல், விட்ட வகுப்புகளின் எழுத்து வடிவத்தை வாசித்துவிட்டு நடப்பு வகுப்புக்கு வந்துவிடுங்கள்.

இணையம் விட்டு விட்டு வரும் ஊரில் இருந்தால் ஓப்பன்கோர்ஸ்வேரில் பாடத்தை முழுதாகத் தரவிறக்க வசதி இருக்கிறது. ஓப்பன்லேர்ன் பாடங்களை பி.டி.எஃப். ஆகவும் மின்னூலாகவும் எடுத்துக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

படி 6: எப்படிப் படிப்பது?

வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. 'நோட்ஸ் எடுங்கள்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் கணக்குக்கு எடுக்கும் நோட்ஸ் ஓவியத்துக்கு உதவாது.

அறிவியலும் கணக்கும் கையால் வருபவை. எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய 18.06 என்ற நேரியல் இயற்கணிதப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் வகுப்பில் அவர் இரண்டு சமன்பாடுகளை எழுதுகிறார்: 2x − y = 0, −x + 2y = 3. நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் x = 1, y = 2 என்று சொல்லிவிடும். அதோடு வீடியோவைத் தள்ளிவிட்டுப் போனால் இந்தப் பாடமே கையைவிட்டுப் போய்விடும். ஸ்ட்ராங் அதை முதலில் இரண்டு கோடுகளாக வரைந்து அவை வெட்டும் புள்ளியைக் காட்டுகிறார். அது நமக்குத் தெரிந்ததுதான். பிறகு சமன்பாடுகளை நெடுவரிசையாகப் பார்க்கச் சொல்கிறார். (2, −1) ஒரு வெக்டர் (திசையும் நீளமும் உள்ள அம்பு), (−1, 2) இன்னொரு வெக்டர். முதலாவதை எத்தனை மடங்கு, இரண்டாவதை எத்தனை மடங்கு எடுத்துக் கூட்டினால் (0, 3) வரும்? முதலாவதில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. விடை அதேதான், கேள்வி வேறாகிவிட்டது. அடுத்து வரும் முப்பதுக்கும் மேற்பட்ட வகுப்புகளும் இந்த இரண்டாவது பார்வையின் மேல்தான் நிற்கின்றன.

இங்கே செய்ய வேண்டியது இது. சமன்பாட்டை எழுதியதும் வீடியோவை நிறுத்துங்கள். வரைபடத்தாளில் அந்த இரண்டு அம்புகளையும் வரைந்து, ஒன்றின் நுனியில் மற்றொன்றை இருமுறை வைத்து (0, 3)க்குப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். வலப்பக்கத்தை (1, 1) என்று மாற்றி, மடங்கு என்னவாகிறது என்று போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 1 வரும். எந்த வலப்பக்கம் கொடுத்தாலும் விடை கிடைக்குமா என்ற கேள்வி அப்போது தானாகவே எழும், அவரும் வகுப்பில் அதைத்தான் அடுத்துக் கேட்கிறார். பயிற்சித்தாளுக்கு விடைகள் தளத்திலேயே இருக்கின்றன. பேனாவில் முழுசாக எழுதி முடிக்கும்வரை அந்தக் கோப்பைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தப் பாடத்தில் ஆகக் கடினமான பயிற்சி.

கலைப் பாடத்தில் கணக்கு நோட்டு வேலை செய்யாது, அங்கே கண்ணுக்குத்தான் வேலை. 'ஸ்மார்ட்ஹிஸ்டரி' என்ற இலவசக் கலைவரலாற்றுத் தளத்தில் இரண்டு பேர் ஓர் ஓவியத்தின் முன் நின்று பேசிக்கொள்ளும் சிறு வீடியோக்கள் நிறைய உண்டு. நேராக வீடியோவை ஓடவிட்டால் அவர்கள் கண்ணால் பார்ப்போம், இரண்டு நாளில் மறந்துபோகும். படத்தை மட்டும் பெரிதாக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள், எந்த மூலை காலியாக விடப்பட்டிருக்கிறது என்று பத்து வரி எழுதிவிட்டு வீடியோவுக்குப் போங்கள். அவர்கள் சொன்னதில் நீங்கள் பார்க்காமல் விட்டது எது என்பதுதான் அன்றைய பாடம்.

யேலில் டயானா கிளைனர் நடத்திய ரோமானியக் கட்டடக்கலை வகுப்புக்கும் இதே முறை பொருந்தும், அங்கே பென்சில் கூடுதலாக வேண்டும். ரோமில் உள்ள பாந்தியன் என்ற பழைய கோயிலைப் பற்றிய பகுதி வரும்போது அதன் குறுக்குவெட்டை வரைந்து பாருங்கள். குவிமாடத்தின் விட்டம் சுமார் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளைவரை உயரமும் அதே அளவு. அதாவது உள்ளே ஒரு முழுக் கோளம் அடங்கும். கேட்டால் தகவல், வரைந்தால் அந்த அறைக்குள் நின்றது போல இருக்கும். வரையப் பழகிய கையோடு பக்கத்துக் கோயிலுக்குப் போய்க் கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம் என்று தரைத்திட்டத்தைக் குறித்துப் பாருங்கள், இத்தனை வருஷம் பிரகாரம் சுற்றியும் பார்க்காதது ஏதாவது தட்டுப்படும்.

சமூகம், அரசியல், தத்துவம் பற்றிய பாடங்களில் ஆபத்து வேறு. கேட்பதெல்லாம் சரி என்றே தோன்றும். பேராசிரியர் நன்றாகப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் மோசம். ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய வகுப்பு 12 வீடியோக்களாக 2009இலிருந்து இலவசமாக இருக்கிறது. அதன் தொடக்கத்தில் 1884ஆம் ஆண்டின் ஒரு வழக்கு வருகிறது. மின்யொனெட் என்ற படகு மூழ்கி, நான்கு பேர் சிறு படகில் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். சோறில்லை, தண்ணீரில்லை. பல நாள் கழித்து, சாகும் நிலையில் கிடந்த பதினேழு வயது வேலைக்காரப் பையனைக் கொன்று மற்றவர்கள் தின்கிறார்கள். பிறகு ஒரு கப்பல் அவர்களைக் காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவருகிறது. கேப்டன் டட்லி, துணைவர் ஸ்டீபன்ஸ் இருவர் மீதும் கொலை வழக்கு.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். நீங்கள் நீதிபதி என்றால் என்ன தீர்ப்பு, ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில்தான் எழுத வேண்டும், யோசனை தடையில்லாமல் வர. பிறகு மாணவர்கள் வாதாடுவதைப் பாருங்கள். பையனின் சம்மதம் கேட்டிருந்தால்? சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் பக்கத்தில் எந்த வரி அடிபடுகிறது என்று குறியுங்கள். உண்மையில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, அது பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. இந்த முடிவை முதலிலேயே தேடிப் படித்துவிட்டு வீடியோ பார்க்கிறவருக்கு அந்த வகுப்பில் கிடைப்பது பாதிதான் (நான் இங்கே சொல்லிவிட்டேன், அடுத்தடுத்த வகுப்புகளில் வரும் வழக்குகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்).

இப்படிப்பட்ட பாடங்களில் எடுத்துக்காட்டுகள் அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோதான் வரும். இட ஒதுக்கீடு பற்றி அவர்கள் பேசுவதும் நாம் பேசுவதும் ஒன்றல்ல. அந்த வாரத்தின் பொருளுக்கு இக்னோ பாட அலகு ஒன்றைச் சேர்த்துப் படித்தால் வாதம் நம் ஊருக்கு எப்படிப் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று தெரியும்.

படி 7: சந்தேகம் வந்தால்

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே என்.பி.டெல்லில் சேர்ந்திருந்தால் அங்கேயே கேட்கலாம், உதவி ஆசிரியர்கள் பதில் சொல்வார்கள். பழைய பாடத்தைத் தனியாகப் படிப்பவர் ஒரு துணையைப் பிடித்துக்கொள்வது நல்லது. பத்துப் பேர் வாட்ஸாப் குழு வேண்டாம், முதல் வாரத்திலேயே அதில் காலை வணக்கம் படங்கள் வந்துவிடும். ஒரே ஒருவர், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போனில், படித்ததை மாறி மாறிச் சொல்லிக் காட்டினால் போதும்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் பயன்படுத்தலாம். கணக்கைக் கொடுத்து விடை கேட்காதீர்கள். நீங்கள் போட்ட விடையைக் கொடுத்து எந்த வரியில் தவறு என்று கேளுங்கள். வரலாறு, இலக்கியத்தில் அது சொல்லும் ஆண்டையும் மேற்கோளையும் மூலநூலில் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

படி 8: சான்றிதழ் தேவைப்படுகிறவர்களுக்கு

என்.பி.டெல் பாடங்கள் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். 4, 8, 12 வாரம் என்று மூன்று அளவு. கல்லூரிக் கிரெடிட்டுக்கு என்றால் பெரும்பாலும் 8 அல்லது 12 வாரப் பாடம் தேவைப்படும். சேருவதற்கு முன்பே உங்கள் துறையில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2021ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகக் கிரெடிட் பெற இடம் உண்டு. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. மூன்று மாதம் படித்துவிட்டு 'இது லிஸ்டில் இல்லை' என்று கேட்டு நிற்கும் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கு இப்படி. வாராந்தர அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் எல்லா வாரமும் எண்ணப்படாது. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8, 8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரப் பாடத்தில் சிறந்த 3. தேர்ச்சிக்கு அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 இரண்டும் தனித்தனியே வேண்டும். ஒன்றில் எடுத்ததை வைத்து இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது. மொத்தம் 60 தொட்டால் எலைட், 75 என்றால் அதோடு வெள்ளி, 90 தொட்டால் தங்கம் என்று சான்றிதழில் போடுவார்கள். அசைன்மென்டின் கெடு தாண்டினால் ஏற்க மாட்டார்கள், கடைசி இரவு தளம் மெதுவாக இருக்கும் என்பதால் முந்தைய நாளே அனுப்பிவிடுவது நல்லது.

பாடத்தில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதை மறந்துவிட்டு ஹால் டிக்கெட்டைத் தேடுகிறவர்கள் உண்டு. தேர்வுக் கட்டணம் சில ஆண்டுகளாகவே பாடம் ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்ற அளவில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு. கட்டும் முன் அந்தப் பருவத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில் கொடுக்கும் பெயர், அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கட்டும், இனிஷியல் உட்பட.

வேலை விண்ணப்பத்தில் பத்துச் சான்றிதழ்களை அடுக்குவதைவிட, ஒரு பாடத்தை வைத்து நீங்கள் செய்ததைக் காட்டுவது மேல். சி.எஸ்.50 படித்தவருக்குக் கடைசிச் செயல்திட்டம் இருக்கும், புள்ளியியல் படித்தவர் தன் ஊர் மழையளவை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். நேர்காணலில் சான்றிதழைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை, செய்ததைப் பற்றிக் கேட்பார்கள்.

படி 9: படித்ததைத் தமிழில் தர

எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேர், ஓப்பன் யேல், ஓப்பன்லேர்ன் மூன்றும் தங்கள் பாடங்களில் பெரும்பகுதியைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகின்றன. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதாமலே அவற்றைத் தமிழில் மொழிபெயர்க்கலாம், சுருக்கலாம், உங்கள் எடுத்துக்காட்டுகளைச் சேர்க்கலாம். நிபந்தனைகள் மூன்று: மூலம் யாருடையது என்று குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, உங்கள் தமிழ் வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பாடத்துக்குள் வரும் ஓவியங்கள், புகைப்படங்கள், புத்தகப் பகுதிகள் சிலவற்றுக்கு வேறு உரிமையாளர்கள் இருப்பார்கள், அவற்றை மட்டும் விலக்கிவிட வேண்டும். எது எது விலக்கு என்று பாடத்திலேயே எழுதியிருக்கும்.

ஒரு முழுப் பாடத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. பயிற்சித்தாள் ஒன்றை விடையோடு, பள்ளிப் பாடநூல் கலைச்சொற்களைக் கொண்டு தமிழாக்கினால் அது நான்கைந்து பக்கம்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் திணறுகிற வரிகளைத் திருத்திவிட்டுப் பிறகு வெளியிடுங்கள்.